தென்சுவர்ப் பொந்து

ஆறுதல்புரம் ஆலயத்தின் கூரையோரத்தில், மழைத்தண்ணீர் வெளியே கொட்டுவதற்காகப் பதினாறு கல் யாளிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. அந்த வாய்களில் வேப்பஞ்சருகு அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கிவிடும். விடிந்தும் விடியாத நேரத்தில் நீளமான தொரட்டிக் கம்பால் அந்தச் சருகை இழுத்துப் போடுவது பரிபூரணத்தம்மாளின் வேலை. யாரும் அவருக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். வலக்கையில் மூன்று விரலும் இடக்கையில் இரண்டு விரலுமே மிஞ்சியிருந்ததால், கம்பை இரண்டு மணிக்கட்டுக்கும் மார்புக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார். ஒரு யாளி முடிந்ததும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர்வார். பதினாறு யாளிக்குப் பதினாறு ஸ்தோத்திரம்.

பிறகு மணல். தேரிக்காட்டுக் காற்று செம்மணலைக் கொண்டுவந்து சுவரடியில் குவித்துவிட்டுப் போகும். அதை முறத்தில் அள்ளி வேலிக்கு வெளியே கொட்டுவார். ஊர் எழுந்து கோயிலுக்கு வருவதற்குள் முடித்துவிட்டு, கல்லறைத் தோட்டத்து மூலையில் இருந்த தன் ஓலைக் குடிசைக்குள் போய்விட வேண்டும். எதிரே வந்துவிட்டால் ஆட்கள் மூக்கைப் பொத்துவார்கள். "பேரு பரிபூரணம், விரலு அஞ்சு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். அம்மையார் தலையைக் குனிந்துகொண்டு வழி விடுவார்.

அந்த ஆலயத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அம்மையாரின் காலத்துக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் பார்லோ ஐயர் என்ற வெள்ளைக்காரக் குரு கட்டியது அது. அவர் பிறந்தது இங்கிலாந்தில் ஒரு குக்கிராமம். அங்கே அறுநூறு வருடப் பழைய கோயில் ஒன்று உண்டாம், அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயில். ஊர் நினைப்பு தாங்காமல் அதையே மனத்திலிருந்து வரைந்து, நம் பனங்காட்டு நடுவில் கட்டிவிட்டார். உச்சியில் கோட்டை மதிலைப் போலப் பல் பல்லாக வெட்டிய சதுரக் கோபுரம். தெற்கே கல் பெஞ்சு போட்ட முகப்பு. உள்ளே இரண்டு வரிசைத் தூண்கள், அவற்றின் மேல் நுனி கூர்ந்த வளைவுகள், தலைக்கு மேலே தோணியைக் கவிழ்த்தாற்போலத் தேக்குக் கூரை. மேற்கு வாசலருகே எட்டுப் பட்டைக் கல்லில் ஞானஸ்நானத் தொட்டி. கிழக்கே மூன்று படி ஏறினால், சற்றுக் குறுகலாகத் தனி அறை போலப் பீடம் இருக்கும் பகுதி. யாளிகள் மட்டும் நம் ஊர்க் கல்தச்சர் செய்தது. ஐயரின் ஊரில் அந்த இடத்தில் கல் பூதங்கள் இருந்தனவாம். பூதம் செதுக்கத் தச்சர் ஒப்பவில்லை.

அந்தப் பீடப் பகுதியின் தென்சுவரில் ஒரு பொந்து இருந்தது. உள்ளே தரை மட்டத்தில் தொடங்கி, சாய்வாக இறங்கி, வெளியே முழங்கால் உயரத்தில் திறக்கும். ஒரு சாண் அகலம். அதை எதற்காக வைத்தார் என்று பார்லோ ஐயர் யாரிடமும் சொல்லாமலே மண்ணுக்குப் போய்விட்டார். பீடத் தரையைக் கழுவிய தண்ணீர் வெளியேற வைத்த மடை என்று சபையார் முடிவு செய்தார்கள். சாய்வும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது. மூன்று தலைமுறையாக அப்படியே கழுவிவிட்டார்கள்.

பரிபூரணத்தம்மாள் ஒரு காலத்தில் மற்றவர்களைப் போல உள்ளே இருந்தவர்தான். பனையேறி வீட்டுப் பெண், அந்தக் கூரையின் கீழேதான் திருமணமும் நடந்தது. ஒரு ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்தின்போது, பீடத்தருகே உள்ள கம்பித் தடுப்புக்கு முன்னால் பெண்கள் வரிசையில் முழந்தாளிட்டிருந்தார். திராட்சரசக் கிண்ணம் அவர் வாயில் பட்டு, அடுத்தாற்போல் இருந்த பெண்மணிக்குப் போக வேண்டும். அந்தப் பெண்மணி ஊரின் பெரிய கருப்பட்டி வியாபாரியான எசேக்கியேல் முதலாளியின் தாயார். அவர் கிண்ணத்தை வாங்கவில்லை.

"ஏட்டி, உன் விரல்ல என்னட்டி அது?" என்றார்.

விரல் நுனி வெந்திருந்தது. அடுப்பில் சுட்டது அம்மையாருக்குத் தெரியவே இல்லை. மணிக்கட்டில் வெளுத்த படை ஒன்றும் இருந்தது. ஆண்கள் வரிசையிலிருந்து எசேக்கியேல் முதலாளி எழுந்தார்.

"கிண்ணத்தக் கீழ வைங்க ஐயா! இந்தக் குட்டக்காரி வாய் வச்சதுல ஊரே குடிக்கணுமா?"

குருவானவர் கிண்ணத்தைத் துணியால் மூடினார். அம்மையாரைத் தொட்டு எழுப்ப ஆள் இல்லை. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மோசே, மெழுகுவர்த்தி அணைக்கும் நீளக் கம்பை எடுத்துவந்து அவர் முதுகில் வைத்துத் தள்ளினார். பீடத்திலிருந்து தூண்களுக்கு நடுவே, முகப்பு வழியாக, வெளியே மணல் வரைக்கும் கம்பு முதுகை விட்டு எடுபடவில்லை. மாட்டைக்கூட யாரும் அப்படி ஓட்டுவதில்லை.

கணவர் அந்த மாதமே கொழும்புக் கடைக்குப் போனார். அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அம்மையார் மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று ஆண்டுகள் இருந்து, நோய் அடங்கிவிட்டது, யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளோடு திரும்பி வந்தார். சபைக் கமிட்டி முன்னால் அந்தத் தாளை நீட்டினார். ஒருவரும் அதைக் கையில் வாங்கவில்லை. வாங்காத தாளை எப்படி வாசிப்பது? கல்லறைத் தோட்டத்து மூலையில் இருந்துகொள்ளலாம், வாசல்படி மிதிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள்.

அதற்குப் பின் ஒரு ஞாயிறு, தென்சுவரடியில் அருகம்புல் செதுக்கிக்கொண்டிருந்தபோது, உள்ளே திருவிருந்து நடந்தது. அம்மையார் புல்லுக்காகக் குனிந்தவர் தற்செயலாகப் பொந்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனார். சாய்வான அந்தத் துவாரத்தின் மறுமுனையில் பீடம் தெரிந்தது. வெள்ளை விரிப்பு, இரண்டு மெழுகுவர்த்தி, அப்பத்தை உயர்த்திப் பிடித்த இரு கைகள். வேறொன்றும் தெரியவில்லை. வேறொன்றும் தெரிய வேண்டியதும் இல்லை. அம்மையார் மண்ணிலே முழந்தாளிட்டு, கன்னத்தைக் கல்லில் ஒட்டிக்கொண்டு அழுதார். துன்பத்தில் அழாத அம்மையார் அன்றைக்குத்தான் அழுதார்.

அன்று முதல் அதுவே அவருடைய கோயில். ஆராதனைக்குச் சற்று முன் மோசே பீடத் தரையைக் கழுவுவார். அம்மையார் வெளியே முகத்தை வைத்துக் காத்திருப்பது தெரிந்துகொண்டே, ஒரு வாளி தண்ணீரைப் பொந்தைப் பார்த்து ஓங்கி ஊற்றுவார். அழுக்குத் தண்ணீர் முகத்தில் அறையும். "குளிச்சாச்சா?" என்று உள்ளிருந்து சத்தம் வரும்.

"கோயில் தண்ணிதானய்யா" என்று முந்தானையால் துடைத்துக்கொண்டு, அம்மையார் மறுபடியும் முகத்தை வைப்பார்.

சித்திரை வெயிலில் தென்சுவர்க் கல் அடுப்புக்கல்லாய்க் காயும். ஐப்பசியில் யாளி வாய்த் தண்ணீர் முதுகில் கொட்டும். ஒரு ஞாயிறுகூட அவர் தவறவில்லை. இப்படிப் பதினெட்டு ஆண்டுகள் போயின.

கோயிலுக்கு நூறு வயது நெருங்கியது. கோபுரத்தில் மேலிருந்து கீழாக விரிசல். கூரைத் தேக்கில் கறையான். இடையில் வந்த குருமார் ஆளுக்கொரு கைவரிசை காட்டியிருந்தார்கள்: மேற்கு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தவர் ஒருவர், ஞானஸ்நானத் தொட்டியை மூலைக்குத் தள்ளியவர் ஒருவர், கல்தூண்களுக்குப் பச்சைச் சாயம் அடித்தவர் ஒருவர். எல்லாவற்றையும் சரிசெய்து, பழைய கோலத்துக்குக் கொண்டுவருவதென்று சபை தீர்மானித்தது. செயலாளர் எசேக்கியேல் முதலாளி. பார்லோ ஐயர் கையால் வரைந்த படத்தை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, குருவானவர் அங்கி மாற்றும் அறையில் மாட்டினார்.

"இந்தப் படத்துல எப்படி இருக்கோ அப்படி. ஒரு கல்லு மாறப்பிடாது" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

ஒன்றே ஒன்று மட்டும் மாறலாம் என்று கமிட்டியில் முடிவாயிற்று. தென்சுவர் மடையை அடைத்துவிட வேண்டும். எலி வருகிறது என்று காரணம் எழுதினார்கள். எந்த எலியைச் சொன்னார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

செய்தி காதில் விழுந்ததும் அம்மையார் முதலாளி வீட்டு வாசலுக்குப் போய், முப்பதடி தள்ளி மண்ணில் உட்கார்ந்தார். மதியம்வரை உட்கார்ந்திருந்தார். முதலாளி சாப்பிட்டுக் கை கழுவ வெளியே வந்தார்.

"முதலாளி, அந்தப் பொந்த மட்டும் விட்டுருங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். சுண்ணாம்புக் குழிக்கு ஆள் கிடைக்காமல் அவர் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், பட்ட இடம் புண்ணாகும். எந்தக் கூலியாளும் நாலு நாளுக்கு மேல் நிற்கவில்லை.

"குழி வேலய நீ பாரு. வேல முடியட்டும், பொந்தப் பத்திப் பாத்துக்கிடலாம்."

"விட்டுருவீங்கள்லா?"

"அதான் சொல்லுதம்லா!"

அம்மையார் தரையில் விழுந்து கும்பிட்டார். எட்டு மாதம் அந்தக் குழியில் நின்றார். சுண்ணாம்பை நீற்றி, கிளறி, நாள்கணக்கில் ஊறவைத்து, கருப்பட்டித் தண்ணீர் சேர்த்துக் கொத்தனார் கைக்கு வெண்ணெய் போலக் கொடுத்தார். அவருடைய தோலுக்கு உணர்ச்சி கிடையாது. சுடுகிறது என்று கை சொல்லாது, அதனால் எடுக்கவும் தோன்றாது. மாலையில் பார்த்தால் சதை வெந்து தொங்கும். அந்த எட்டு மாதத்தில் இன்னும் இரண்டு விரல் போயிற்று. கோபுர விரிசல் மூடியது, வளைவுகள் புதுக்கல்லாய்ப் பளிச்சிட்டன, மேற்கு ஜன்னல் திறந்து வெளிச்சம் தூண்களின் மேல் விழுந்தது. அந்தக் கோயிலில் அவர் கை படாத சுவர் இல்லை. உள்ளே வந்து அதைப் பார்க்க மட்டும் அனுமதி இல்லை.

மறுபிரதிஷ்டைக்கு இரண்டு நாள் இருந்தபோது, பேச்சிமுத்துக் கொத்தனார் சாந்துச் சட்டியோடு தென்சுவருக்கு வந்தார். அவர் வேற்று மதத்துக்காரர், மேலப்பாளையம் பக்கம். பொந்துக்கு முன்னால் நின்றுகொண்டு அவர் அம்மையாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எம்மா, அடைக்கச் சொல்லிட்டாவ. நான் என்ன செய்யட்டும்?"

முதலாளி மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மையார் அந்தப் பக்கம் திரும்பி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குழியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்ல சுண்ணாம்பு தீந்துட்டு கொத்தனாரே. இது முந்தாநேத்துப் போட்டது. உள்ள கட்டி கட்டியா வேகாமக் கெடக்கு. இன்னும் பன்னெண்டு நாளாவது ஊறணும். இப்பப் பூசுனா பருத்து வெடிக்கும்."

"பன்னெண்டு நாளா? நாளக்கழிச்சுப் பேராயர் வாராரு! பூசும் ஓய்!" என்று மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

கொத்தனார் செங்கல் துண்டுகளைச் செருகத் தொடங்கினார்.

"நல்லா இறுக்கிப் பூசுங்க கொத்தனாரே" என்றார் அம்மையார். "தண்ணி உள்ள போயிரப்பிடாது. பீடத்து விரிப்பு நனஞ்சிரும்."

பதினெட்டு ஆண்டு அவர் பார்த்த வெளிச்சம், அவர் நீற்றிய சுண்ணாம்பாலேயே மூடப்பட்டது. இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. அம்மையாருக்கு வரவில்லை, அதுதான் அவருக்கும் நமக்கும் உள்ள தூரம்.

பிரதிஷ்டை நாளன்று கோபுரத்திலிருந்து மாவிலைத் தோரணம் தொங்கியது. அசனம் என்னும் சபை விருந்துக்காக இருபது அண்டாவில் சோறும் கறியும் தோப்பில் வெந்துகொண்டிருந்தன. அறுநூறு பேர் புத்தாடையில் வந்து அமர்ந்தார்கள். புதிதாகப் பொறுப்பேற்றிருந்த பேராயர் திருவிருந்தை நடத்தினார். அம்மையாருக்குக் கைப்புண் முற்றி மூன்று நாளாகக் காய்ச்சல். ஊர்ந்து வந்து, வழக்கமான இடத்தில் முழந்தாளிட்டு, பூச்சின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டார். அந்தக் கனத்த சுவரில் சத்தம்கூட வரவில்லை. எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று அவருக்கு மனப்பாடம். அதை வைத்துத் தனக்குள்ளே ஆராதனையைத் தொடர்ந்துகொண்டிருந்தார்.

பேராயர் அப்பத்தை உயர்த்தினார். கோயில் முழுக்க அமைதி. அந்த அமைதியில் தென்சுவரில் பட்டென்று ஒரு வெடிப்புச் சத்தம் கேட்டது. அடுத்து இன்னொன்று. பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது, செங்கல் துண்டுகள் மெருகேற்றிய புதுத் தரையில் சரிந்தன. வெளிப்பக்கத்துக் கல் அம்மையாரின் கன்னத்தில் விழுந்து கிழித்தது. வேகாத சுண்ணாம்பு ஈரத்தில் பருத்தால் அப்படித்தான் ஆகும் என்பார் கொத்தனார். அவர் சொல்வது சரிதான். அது அந்த நிமிடம் வரைக்கும் ஏன் காத்திருந்தது என்று கேட்டால் மட்டும் அவர் வானத்தைப் பார்ப்பார்.

தூசி அடங்கியது. பொந்து வழியாக ஒரு கோடு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தின் கோடியில் ரத்தம் வழியும் ஒரு முகம் இருந்தது. அறுநூறு பேரில் முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். மோசே கம்பை எடுக்க ஓடினார்.

பேராயர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பிறகு அங்கியோடு தரையில் மண்டியிட்டுக் குனிந்தார்.

"யாரும்மா அங்க?"

"பரிபூரணம் ஐயா. மன்னிச்சிருங்க. நான் தொடல, அதுவா விழுந்துட்டு."

"ஏன் வெளிய இருக்கீங்க?"

யாரையும் காட்டிக்கொடுக்க அம்மையாருக்கு மனம் இல்லை.

"திருவிருந்து எடுத்து எவ்வளவு நாளாச்சு?"

"இருபத்தோரு வருசத்துக்கு மேல ஆச்சு ஐயா."

பேராயர் எழுந்தார். அப்பத்தட்டையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு, படியிறங்கி, தூண்களுக்கு நடுவே நடந்து, முகப்பு வழியாக வெளியே போனார். எந்த வழியாக அம்மையாரைக் கம்பால் தள்ளிக்கொண்டு போனார்களோ அதே வழி. தென்சுவரடியில் மணலில் மண்டியிட்டு அப்பத்தை அவர் வாயில் வைத்தார். கிண்ணத்தை நீட்டியபோது அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கிண்ணம் வேண்டாம் ஐயா. உள்ள ஆட்கள் குடிக்கணும்லா?"

"உங்களுக்குப் பொறவுதாம்மா அவங்க."

அம்மையார் குடித்தார். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கும்பிட்டார்.

பேராயர் திரும்பி வந்து, கம்பிக்கு முன்னால் அதே கிண்ணத்தோடு நின்றார். "வாங்க" என்றார். ஒருவரும் எழவில்லை. பாடகர் குழு பாட்டை நிறுத்திவிட்டது. குருவானவர் தரையைப் பார்த்தார். பேராயர் கை கடுக்கும்வரை நின்றார். எசேக்கியேல் முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கடைசியில் பேராயர் தாமே கிண்ணத்தை வாயில் வைத்து முழுவதையும் குடித்து முடித்தார். நூறாண்டுப் பிரதிஷ்டையில், அறுநூறு பேர் நிறைந்த கோயிலில், திருவிருந்து எடுத்தவர்கள் இரண்டே பேர். அசனத்துக்கு மட்டும் ஒருவரும் குறையவில்லை.

அங்கி மாற்றும் அறையில் பேராயர் கண்ணாடிச் சட்டத்தின் முன் நின்றார். படத்தில் தென்சுவரைத் தேடிக் கண்டுபிடித்தார். பொந்தின் பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. முதலாளியைக் கூப்பிட்டார்.

"நீங்க காலேஜ் படிச்சவர்தானே? இத வாசிங்க. தமிழ்ல சொல்லுங்க."

எட்டு மாதமாக அளவுகளை மட்டும் பார்த்துவந்த முதலாளி, அன்றுதான் அந்த வரியை வாசித்தார்.

"எங்கள் ஊர்க் கோயிலில் உள்ளபடி. வெளியே நிறுத்தப்பட்டவருக்கு... இதுவே வாசல்."

அவர் அழுதார், மன்னிப்புக் கேட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். கேட்கவில்லை. சட்டம் கோணலாக இருந்ததைச் சரிசெய்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அம்மையார் ஒன்பதாம் நாள் காலமானார். பொந்துக்கு நேர் கீழே அடக்கம் செய்ய வேண்டும், பொந்தை இனி யாரும் தொடக் கூடாது என்று பேராயர் எழுத்தில் உத்தரவு அனுப்பினார். குழி தோண்டச் சபையில் ஆள் வரவில்லை. பேச்சிமுத்துக் கொத்தனார் தனியாகத் தோண்டினார், தன் கையாலேயே சுண்ணாம்பு பூசி முடித்தார். அந்தச் சுண்ணாம்பைப் பன்னிரண்டு நாள் ஊறவைத்திருந்தார்.

அன்றைய ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆறுதல்புரத்தில் இன்றும், திருவிருந்து அப்பத்தை உயர்த்தியதும், குருவானவர் முதலில் தென்சுவர்ப் பக்கம் போய்க் குனிந்து, பொந்துக்கு நேரே அதை ஒரு நிமிடம் காட்டுகிறார். அதன் பிறகுதான் உள்ளே இருப்பவர்களுக்கு. முதல் பங்கு வெளியே நின்றவருக்கு என்பது அந்தப் பேராயர் வைத்துவிட்டுப் போன முறை.

கோபுரமும் வளைவும் கூரையும் பார்லோ ஐயர் வரைந்தபடி நிற்கின்றன. அவர் வரைந்த வாசலில் நுழைந்தவர் பரிபூரணத்தம்மாள் ஒருவரே. மூன்றே விரலோடு கும்பிட்ட அந்தக் கைகளை நாமும் கும்பிடுகிறோம்.